வைத்துக்கொண்ட பெயர்

தமிழில் பெண்களைத் திட்டுவதற்கென்றே இருக்கும் சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிக் கெட்ட பழக்கங்கள் சில உண்டு. மூதேவி, பிசாசு, ராட்சசி, வாயாடி, அடங்காப்பிடாரி என்று அது நீளமாகப் போகும். இவற்றில் பலவற்றுக்கு விஷம் இறங்கிவிட்டது. ராட்சசி என்ற சொல்லைக் கணவன் மனைவியைக் கொஞ்சுவதற்கே உபயோகிக்கிறான். பிசாசு என்று தாத்தா கூப்பிட்டால் பேத்தி சிரிக்கிறாள். 'சூனியக்காரி' என்ற ஒரு சொல்லை மட்டும் யாரும் விளையாட்டுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும். சொல்கிறவர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. சூனியம் என்றால் வெறுமை, ஒன்றுமில்லாதது, கணக்கில் பூஜ்யம். ஒன்றுமில்லாதவள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டால், பாவம், அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருந்திருக்கிறது. அதே தொழிலைச் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஆணுக்கு மந்திரவாதி என்று பெயர். அவனுக்கு வெற்றிலை பாக்கு, தட்சிணை, திண்ணையில் காத்திருக்கும் கூட்டம். பெண்ணுக்கு வெறும் பெயர் மட்டும்தான்.

என் சிறு வயதில் எங்கள் ஊர்க் கோடியில் ஒரு கிழவி இருந்தாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து மஞ்சட்காமாலைக்குக் கொடுப்பாள். பகலில் அவள் வாசலைக் கடக்கும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். இருட்டிய பிறகு அதே பிள்ளைகளின் தாய்மார்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மருந்துக்குப் போவார்கள். அவள் புருஷன் இளம் வயதிலேயே போய்விட்டான். அவனுக்குச் சேரவேண்டிய தென்னந்தோப்பைப் பங்காளிகள் அனுபவித்து வந்தார்கள். தோப்பில் தன் பங்கைக் கிழவி வாய் திறந்து கேட்ட வருஷத்தில்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது என்று என் தாயார் சொல்வாள். அதற்கு முன்னால் அவள் வெறும் 'கோடி வீட்டு அத்தை'யாக இருந்தாளாம்.

இந்தப் பெயரைத் தானாகவே எடுத்துத் தனக்குச் சூட்டிக்கொண்ட ஒருத்தி எங்கள் குடும்பத்தில் முளைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் தங்கையின் மூத்த பெண் இங்கிலாந்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் மருந்தாளுநராக இருக்கிறாள். வயது முப்பத்தெட்டு. ஆறு வருஷங்களுக்கு முன்னால் அவள் கணவன் மாரடைப்பில் போய்விட்டான். குழந்தைகள் இல்லை. 2026 தை மாதம் லீவில் தஞ்சாவூருக்கு வந்தவள், வந்த நாலாம் நாள் காலைக் காப்பியின்போது தாயாரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, உடனே புறப்பட்டு வாங்க. இவ விட்ச் ஆயிட்டேன்னு சொல்றா."

பக்கத்திலிருந்து மைத்துனரின் குரல் கேட்டது. "அது என்ன படிப்புன்னு முதல்ல கேளு. சம்பளம் கூடுமாமா?"

ராத்திரி ரயிலில் புறப்பட்டுப் போனேன். போன இடத்தில் அந்தப் பெண் சமையலறையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பார்வையில் எந்த மாறுதலும் இல்லை. கழுத்தில் மட்டும் மெல்லிய வெள்ளிச் சங்கிலியில், வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று தொங்கியது. ஆறு வருஷமாக வெறுமையாக இருந்த கழுத்து அது. பக்கத்து வீட்டு அம்மாள் நேற்றே விசாரித்துவிட்டுப் போய்விட்டாளாம்.

தங்கை என்னை உள்ளே அழைத்துப் போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினாள். ஒரு சிறிய கிண்ணம், ஊதுவத்தி, மெழுகுவத்தி, ஒரு கையெழுத்து நோட்டு, கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று. "இதுல காய் நறுக்கலாமான்னு கேட்டேன். இது எதையும் வெட்டக்கூடாதாம். வெட்டாத கத்தி எதுக்கு அண்ணே?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அன்று மத்தியானம் கூடத்து ஊஞ்சலில் அவள் எனக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் தழுவியிருப்பதற்கு விக்கா என்று பெயர். அதில் ஒரு தேவி உண்டு. அவளுக்கு இணையாகக் கொம்புள்ள தேவன் ஒருவன் உண்டு. கோயில் கிடையாது. பௌர்ணமி தோறும் தரையில் ஒரு வட்டம் பாவித்துக்கொண்டு, கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் மண் என்று நாலு திசைகளையும் அழைத்து, நடுவில் நின்று வழிபடுவார்கள். வருஷத்தில் எட்டுப் பண்டிகைகள். வெட்டாத கத்தி வட்டம் போடுவதற்கு. மற்றொருவருக்குத் தீங்கு செய்வதில்லை என்பது முக்கியமான நியமம். செய்தது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள்.

"அப்படியானால் பில்லி, ஏவல் எல்லாம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லை மாமா. யாருக்காவது உடம்பு சரியாகணும்னு வேண்டிக்குவோம். அப்புறம் மாத்திரையும் கொடுப்போம்" என்று சிரித்தாள்.

"இதற்கு ஒரு குரு, தீட்சை எதுவும் வேண்டாமா?"

"சில பிரிவுகள்ல உண்டு. நான் தனி. நானே தேவிக்கு முன்னால நின்னு ஒப்புக்கொடுத்துக்கிட்டேன்."

அவள் ஒருத்தியின் பைத்தியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் விக்கா என்று தங்கள் மதத்தை எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 13,000 பேர். பேகன் என்று பொதுவாக எழுதியவர்கள் 74,000. கணக்கெடுக்க வந்த சர்க்கார் காகிதத்தில் அதை எழுதுகிற இடத்துக்கு அந்த நாடு எப்படி வந்து சேர்ந்தது என்பது ஒரு நாவலுக்கு வேண்டிய விஷயம். நான் எழுதப் போவதில்லை. இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலைக்குப் போகும் வழியில் லங்காஸ்டர் கோட்டை இருக்கிறது. 1612-இல் அங்கேதான் பெண்டில் மலைப் பக்கத்து ஜனங்களைச் சூனியக் குற்றத்துக்காக அடைத்து வைத்தார்கள். பிச்சை எடுத்தும் பச்சிலை வைத்தியம் செய்தும் பிழைத்த ஏழைகள் அவர்களில் பலர். எண்பது வயதான கண் தெரியாத கிழவி ஒருத்தி விசாரணைக்கு முன்பே சிறையில் செத்துப்போனாள். ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்றை மேஜைமேல் ஏற்றி நிறுத்தி, பெற்ற தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தார்கள். பத்துப் பேர் தூக்கில் தொங்கினார்கள். ஐரோப்பாவில் மூன்று நூற்றாண்டுகளில் இந்தக் குற்றத்துக்காகச் செத்தவர்கள் தொண்ணூறு லட்சம் என்று சில புத்தகங்களில் போட்டிருக்கும். அது வெறும் கதை. நாற்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையில் என்பது இன்றைய சரித்திர ஆசிரியர்கள் சொல்லும் கணக்கு. அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில், என்ன காரணமோ, செத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

1735-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. சூனியம் என்று ஒன்று இல்லவே இல்லை, இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுவதுதான் குற்றம் என்றது அந்தச் சட்டம். தூக்குப் போய்ச் சிறை வந்தது. அறிவு வளர்ந்ததற்கு நல்ல அடையாளந்தான். ஆனால் அதே சட்டத்தின் கீழ் 1944-இல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற ஸ்திரீயை லண்டனில் விசாரித்து ஒன்பது மாதம் உள்ளே போட்டார்கள். யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த சர்ச்சில், இந்தக் கேலிக்கூத்துக்கு எவ்வளவு செலவு என்று எரிச்சலோடு குறிப்பு எழுதிக் கேட்டார். 1951-இல் சட்டம் ரத்தாயிற்று. மூன்றே வருஷத்தில், 1954-இல், ஜெரால்டு கார்ட்னர் என்ற எழுபது வயது மனிதர் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகத்தைப் பிரசுரித்து, பழைய மதம் அழியவில்லை, அதில் நானும் ஒருவன் என்று உலகத்துக்குச் சொன்னார்.

கார்ட்னரைப் பற்றிப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லிவர்பூல் பக்கத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை. ஆஸ்துமா தொல்லை. பதினாறு வயதில் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு போர்னியோ, அப்புறம் மலாயா ரப்பர்த் தோட்டம், அரசாங்கச் சுங்க இலாகா. மலாய்க் கத்திகளைப் பற்றி 1936-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கத்தி ஏன் அந்தச் சமயத்தில் இவ்வளவு முக்கியமாயிற்று என்று இப்போது புரிகிறது அல்லவா? அவர் இருந்த தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களும் பால் வெட்டியவர்களும் யார் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லயத்து ஓரத்தில் அவர்கள் மாரியம்மனுக்குத் தீ மிதித்ததை அந்த வெள்ளைக்காரப் பையன் தூர நின்று பார்த்திருப்பான் என்று கற்பனை செய்துகொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. இது நாவல்காரனின் ஆசை. சரித்திரத்தில் சேர்க்க வேண்டாம்.

அவருடைய புத்தகத்துக்கு முன்னுரை கொடுத்த மார்கரெட் மர்ரே அம்மையார் பிறந்த ஊர் கல்கத்தா. பிறந்த வருஷம் 1863. எகிப்தியப் புதைபொருள் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். கிறிஸ்து மதத்துக்கு முந்திய ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்களைத்தான் சூனியக்காரிகள் என்று கொன்றார்கள் என்பது 1921-இல் அவர் வெளியிட்ட கொள்கை. நூறு வயது வாழ்ந்து 1963-இல் காலமானார். அவர் கொள்கை அவ்வளவு காலம் வாழவில்லை. சான்றுகளை அவர் தமக்கு வேண்டியபடி நறுக்கிக்கொண்டார் என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ரொனால்டு ஹட்டன் என்ற பேராசிரியர் 1999-இல் எழுதிய பெரிய நூலைப் படித்தால், இந்த மதம் இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்தது, பழங்காலத்திலிருந்து தொடர்ந்து வரவில்லை என்பது தெளிவாகிவிடும். கார்ட்னர் காலத்தில் இந்தச் சடங்குகளைத் துணியில்லாமலே செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நம்முடைய 'திகம்பரம்' என்ற சொல்லை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்தது போல இருக்கிறது. இந்த அம்சத்தைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை.

ஹட்டன் விஷயத்தை மருமகளிடம் சொன்னேன். ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்ட நினைப்போடுதான் சொன்னேன்.

"தெரியும் மாமா. அந்தப் புத்தகம் என்கிட்ட இருக்கு" என்றாள். "பழசுன்னு நினைச்சு நான் போகலை. பழசுல எனக்கு எங்க இடம்?"

அதன் பிறகுதான் அவள் தன் தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். கணவன் இறந்த மறு வருஷம் நடந்த கல்யாணம். மண்டப வாசலுக்கு மாப்பிள்ளை வந்ததும், வழக்கமான ஆசையோடு ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்திருக்கிறாள். உறவில் ஒரு பெரியவள் அவள் கையைப் பிடித்து, "நீ கொஞ்சம் உள்ளே இரும்மா, கண்ணு" என்று அன்போடு சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாளாம். அன்போடு என்பதை மருமகள் இரண்டு தடவை சொன்னாள். பிடித்துத் தள்ளியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அன்புக்கு என்ன பதில் சொல்வது? உக்கிராண அறையில் தேங்காய் மூட்டைக்கும் வாழைத் தாருக்கும் நடுவே உட்கார்ந்து, கெட்டிமேளத்தைக் காதால் கேட்டாளாம். அவளைப் பெற்றவள் இதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நான் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தேன். முன் வரிசையில் சந்தனமும் கல்கண்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, உக்கிராண அறையில் யார் இருந்தார்கள் என்பது இந்த வருஷம்தான் தெரிகிறது.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில், கூட வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி அவளைப் பெண்டில் மலைக்கு அழைத்துப் போனாள். குளிரில் மேலே ஏறி, இறந்தவர்களை நினைத்து ஒரு வட்டமாக நின்றார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். இவள் கணவன் பெயரைச் சொன்னாள். பிறகு யாரோ ஒருத்தி இவளிடம் விளக்கைக் கொடுத்து, "இதை நீ ஏற்று" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. "வேற ஒண்ணும் இல்லை மாமா. நீ ஏத்துன்னாங்க" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் தத்துவம் பேசத் தோன்றவில்லை.

விக்காவுக்குத் தாய் என்று சொல்லத் தகுந்த டோரீன் வேலியண்டே என்ற ஸ்திரீயைப் பற்றி அவள் நிறையச் சொன்னாள். 1922-இல் பிறந்தவர். பத்தொன்பது வயதில், கல்யாணமான சில மாதங்களுக்குள், கப்பல் மாலுமியான கணவனைக் கடலில் யுத்தத்துக்குப் பறிகொடுத்தவர். பிறகு மறுமணம் செய்துகொண்டார். 1953-இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றார். கார்ட்னர் பழஞ்சுவடி என்று காட்டிய வழிபாட்டு வாசகங்களில் அலெய்ஸ்டர் க்ரௌலி என்பவரின் எழுத்து கலந்திருப்பதைக் கண்டுபிடித்து நேராகவே கேட்டுவிட்டார். கிழவர் கோபித்துக்கொள்ளவில்லை. உன்னால் இதைவிட நன்றாக எழுத முடியுமானால் எழுது என்று விட்டுவிட்டார். இவர் எழுதினார். இன்று உலகம் முழுவதும் விக்காக்காரர்கள் தேவியின் வாக்காகச் சொல்வது இந்த அம்மாள் எழுதிய வசனத்தைத்தான். வேதத்தில் திருத்தம் போட்ட ஆசிரியை என்று சொல்லலாம். பத்திரிகை உலகில் இருந்து பழகிய எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1957-இல் கார்ட்னர் பழைய சட்டங்கள் என்று சில விதிகளைத் திடீரென்று கொண்டுவந்து வைத்தார். அதில் ஒன்று, தலைமைப் பூசாரிணிக்கு வயதாகிவிட்டால் இளைய பெண் ஒருத்திக்கு இடம் விட்டு மனமுவந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது. டோரீனும் வேறு சிலரும் இதெல்லாம் நேற்று எழுதிய பழஞ்சட்டம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். தேவியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் மதத்தில்கூட, வயதான பெண்ணே, நீ கொஞ்சம் உள்ளே இரு என்று சொல்ல ஒரு மனிதர் வந்துவிட்டார் பாருங்கள்! இதை நான் சொன்னதும் மருமகள் உரக்கச் சிரித்தாள். "அதனாலதான் நான் தனியா இருக்கேன்" என்றாள். டோரீன் 1999-இல் இறந்தார். பிரைட்டன் நகரத்தில் அவர் குடியிருந்த அடுக்கு வீட்டின் சுவரில் 2013-இல் நீலப் பலகை பதித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்தது ஒன்றையும் அவள் சொன்னாள். 2005-இல் ஆப்கானிஸ்தானில் இறந்த பாட்ரிக் ஸ்டூவர்ட் என்ற சிப்பாய் விக்காக்காரர். நினைவுப் பலகையில் சிலுவை போடலாம், பிறை போடலாம். அந்த ஐந்து முனை நட்சத்திரம் மட்டும் அனுமதிக்கப்பட்ட சின்னங்களில் இல்லை. அவருடைய விதவை விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 2007 ஏப்ரலில் அரசாங்கம் இறங்கி வந்து அனுமதித்தது. மருமகள் கழுத்தில் தொங்கிய சின்னத்தை நான் அதன் பிறகு கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன்.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இன்று பெரிய வியாபாரம் நடக்கிறது. பௌர்ணமி நிலவில் வைத்து எடுத்த தண்ணீர், அதிர்ஷ்டக் கல், பெட்டியில் போட்டு விற்கும் மந்திரம் என்று பல சரக்குகள். விட்ச்டாக் என்ற தலைப்பில் டிக்டாக்கில் சின்னப் பெண்கள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு பயமுறுத்தும் படங்கள் எவ்வளவோ இருக்கின்றன. நம் ஊர் ராசிக்கல் ஜோசியர்களுக்கு அவர்கள் தூரத்து உறவு. மருமகளுக்கும் இந்தக் கூட்டத்தைக் கண்டால் ஆகாது.

அந்தத் தடவை தைப்பூசமும் பிப்ரவரி முதல் தேதியும் ஒரே நாளில் வந்தன. பிப்ரவரி முதல் தேதி அவர்களுடைய எட்டுப் பண்டிகைகளில் ஒன்று. அந்தத் தேசத்தில் பனிக்கு நடுவே முதல் பூ தலை காட்டும் சமயம். ஆடுகள் குட்டி போட்டுப் பால் சுரக்கும் சமயம். இங்கே சம்பா அறுவடையாகி, ரோடெல்லாம் வைக்கோல் காய்கிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் அவள் தன் வட்டத்தைப் போட ஆரம்பித்தாள். தங்கை மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வடகம் காயப்போட்ட இடத்தில் என்ன செய்கிறாள் என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

உப்பு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். பேசாமல் இருந்த தங்கை, விளக்கைத் தெற்கே வைத்ததும் எழுந்துவிட்டாள்.

"தெற்கே விளக்கு வைக்காதேடி! எமன் திசை."

"நெருப்பு தெற்குதாம்மா. வழக்கம் அது."

"எந்த ஊர் வழக்கம்?"

அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் இதுவரை கேட்கவில்லை போலிருக்கிறது. கையில் தீப்பெட்டியோடு யோசித்தாள். நானும் யோசித்தேன். இங்கிலாந்தில் சூரியன் வருஷம் முழுவதும் தெற்கு வானத்தில்தான் போகிறான். வெயில் வேண்டுமானால் தெற்கு ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும். அங்கே நெருப்பைத் தெற்கே வைத்தது சரிதான். தஞ்சாவூரில் வைகாசி, ஆனியில் சூரியன் உச்சி தாண்டி வடக்கே நிற்கிறான். அவர்கள் மே முதல் தேதி கோடையை வரவேற்று நெருப்பு மூட்டுகிறார்கள். இங்கே அதே வாரம் அக்கினி நட்சத்திரம் பிறக்கிறது, நெருப்பு வேண்டும் என்று யார் கேட்டார்கள்? அக்டோபர் கடைசியில் அவர்களுக்கு எல்லாம் வாடி அடங்கும் காலம். நமக்கு ஐப்பசி அடைமழை, சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும் காலம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் விக்காக்காரர்கள் எட்டுப் பண்டிகைகளையும் ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொள்கிறார்களாம். மண்ணை வணங்குகிறவர்கள் எந்த மண்ணில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும் அல்லவா?

அவள் விளக்கைத் தெற்கிலிருந்து எடுத்தாள். வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள். கடைசியில் தன் முன்னாலேயே நடுவில் வைத்துக்கொண்டாள். பூசத்து நிலா தென்னைக்கு மேலே வந்துவிட்டது. மகள் முணுமுணுவென்று இங்கிலீஷில் சொல்ல, தாயார் படியில் உட்கார்ந்து கந்தர் சஷ்டி கவசத்தைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். காவலுக்குச் சொன்னாளோ, துணைக்குச் சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

மறுநாள் நான் மருமகளிடம் என் உண்மையான ஆட்சேபத்தைச் சொன்னேன். அது விளக்கைப் பற்றியது இல்லை, தேவியைப் பற்றியதும் இல்லை. பெயரைப் பற்றியது.

"நீ எந்த தெய்வத்தை வேண்டுமானாலும் கும்பிடு. அந்தப் பெயர் எதற்கு? ஜார்க்கண்டில், பீகாரில், அஸ்ஸாமில் இன்றும் அந்தப் பெயரை வைத்து அடித்துக் கொல்கிறார்கள். மத்திய சர்க்கார் வருஷா வருஷம் வெளியிடும் குற்றக் கணக்கில், கொலைக்குக் காரணம் என்ற பகுதியில் சூனியத்துக்கென்று தனி வரியே இருக்கிறது. பீகாரில் 1999-இல் சட்டம் போட்டார்கள். ஜார்க்கண்டில் 2001-இல் வந்தது. அந்த ஜார்க்கண்டில் சுட்னி மஹதோ என்று ஒரு அம்மாள். 1995-இல் அவர்மேல் இந்தப் பெயரைச் சுமத்தி அடித்து ஊரைவிட்டே துரத்தினார்கள். அதன் பிறகு தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றுவதே வேலையாக வாழ்ந்தார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே வருஷம் அஸ்ஸாமில் பீருபாலா ராபாவுக்கும் கொடுத்தார்கள். அவர் 2024-இல் இறந்துபோனார். இந்த இரண்டு பேரும் இந்தப் பெயரைப் பெண்கள் முதுகிலிருந்து இறக்குவதற்காகப் போராடியவர்கள். நீ லங்காஸ்டரில் வெள்ளிச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்கிறாய்."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. கல்கத்தாவில் இப்சிதா ராய் சக்கரவர்த்தி என்ற அம்மாள் இந்தப் பெயரைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டு, அதையே தலைப்பில் வைத்து 2000-இல் சுயசரிதமும் எழுதியிருக்கிறார் என்றாள். கிராமத்துப் பெண்களுக்காகவும் அவர் பேசியிருக்கிறார் என்றாள். படித்த, வசதியான குடும்பத்துப் பெண்மணி அவர் என்று நான் சொன்னேன்.

"நானும் அப்படித்தானே மாமா. என்னை யாரும் அடிக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "ஆனா அந்தப் பேரை என்மேல யாரும் சொல்லலைன்னு நினைக்காதீங்க. உள்ளே இருன்னு சொன்னாங்களே, அது என்ன? என் கை பட்டா கல்யாணம் கெட்டுப்போகும்னுதானே? அதுக்குத் தமிழ்ல என்ன பேரு, நீங்கதான் எழுத்தாளர், சொல்லுங்க" என்றாள்.

நோட்டுப் புத்தகத்தில் அத்தனை சொற்களை எழுதி வைத்திருப்பவன் நான். கோடி வீட்டு அத்தை நினைவுக்கு வந்தாள். என் ஆட்சேபத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு இருக்கிறது. கையில் வாங்கின கல்லைப் பதக்கமாகப் போட்டுக்கொள்கிறவளுக்கும், அதே கல்லால் மண்டை உடைகிறவளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மைல் தூரமும் ஒரு மாதச் சம்பளமும் இருக்கிறது. ஆனால் கல் ஒரே கல்தான் என்று அவள் சொல்வதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் பிப்ரவரி நடுவில் ஊருக்குத் திரும்பினாள். தங்கை இன்னும் அந்தச் சொல்லை வாயால் சொல்வதில்லை. கேட்பவர்களிடம், "அவ வேற மாதிரி சாமி கும்பிடறா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை.

கடைசிப் பையனுக்கு இந்த ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயம் செய்திருக்கிறார்கள். அழைப்பிதழ் வாசகம் எழுதிக் கொடுக்கும்படி எனக்குப் போன் செய்த தங்கை, வைப்பதற்கு முன் சொன்னாள்: "அண்ணே, மருமக வீட்டுக்குள்ள அடி எடுத்து வைக்கறப்ப மூத்தவளைத்தான் ஆரத்தி எடுக்கச் சொல்லப் போறேன்."

மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லையாம். சம்பந்தி வீட்டாருக்கு இன்னும் தெரியாது.